அப்கிரேடுக்குப் பிறகு உபுண்டு டெஸ்க்டாப் வரவில்லையா? ரீஇன்ஸ்டால் செய்வதற்கு முன்னால் இதைப் பாருங்கள்

லினக்ஸ் இயங்குதளமான உபுண்டுவில் 22.04-லிருந்து 24.04-க்கு மாறியாயிற்று. லாகின் திரை வருகிறது. பாஸ்வேர்டு கொடுத்து என்டர் தட்டினால் திரை ஒரு நொடி கறுத்து, மறுபடி லாகினிலேயே வந்து நிற்கிறது. இந்த இடத்தில்தான் பலர் பென்டிரைவைத் தேடி எடுத்து, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். ஹோம் ஃபோல்டரில் உள்ள உங்கள் கோப்புகள் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். கிளம்ப மறுப்பது டெஸ்க்டாப் செஷன், அதாவது லாகினுக்குப் பிறகு திறக்கும் திரைச்சூழல் மட்டும்தான்.

பாஸ்வேர்டு தப்பு என்றால் லாகின் திரையே சொல்லிவிடும். ஒன்றும் சொல்லாமல் திருப்பி அனுப்பினால் கோளாறு செஷனில். எனவே முதலில் செஷனை மாற்றிப் பார்ப்போம்.

உங்கள் பெயரைக் கிளிக் செய்யுங்கள். பாஸ்வேர்டுப் பெட்டி திறந்ததும் வலது கீழ் மூலையில் பல்சக்கர ஐகான் தெரியும். பெயரைத் தொடும்வரை அது வராது, அதனால்தான் பலர் கண்ணில் படுவதே இல்லை. அதை அழுத்தினால் வெறும் 'உபுண்டு' என்று ஒன்றும், கூடவே 'ஆன் எக்ஸ்ஆர்க்' அல்லது 'ஆன் வேலேண்ட்' என்று இன்னொன்றும் இருக்கும் (எக்ஸ்ஆர்க், வேலேண்ட் இரண்டும் திரையில் காட்சியை வரவழைக்கும் இரு வேறு முறைகள்). இப்போது எதில் புள்ளி இருக்கிறதோ, அதை விட்டு மற்றதைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய்ப் பாருங்கள். அடுத்த முறைக்கும் அந்தத் தேர்வு நினைவில் இருக்கும். 25.10-லிருந்து உபுண்டுவின் எக்ஸ்ஆர்க் செஷன் எடுக்கப்பட்டுவிட்டது, அதில் இந்த வழி கிடையாது.

சரியாகவில்லையா? ரீஸ்டார்ட் செய்து, கம்பெனி லோகோ வந்ததும் எஸ்கேப் விசையை ஒருமுறை தட்டுங்கள். பழைய பயோஸ் கணினி என்றால் ஷிஃப்ட்டை அழுத்திப் பிடியுங்கள். கணினி எதில் தொடங்க வேண்டும் என்று கேட்கும் கிரப் மெனு வரும். அதில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் ஃபார் உபுண்டு' உள்ளே போய், எண் குறைவாக உள்ள பழைய கெர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதி) தேர்ந்தெடுங்கள். டெஸ்க்டாப் வந்துவிட்டால், புதிய கெர்னலுக்கு என்விடியா கிராஃபிக்ஸ் கார்டின் டிரைவர் ஒழுங்காக அமையாமல் போயிருக்க வாய்ப்பு அதிகம். 'அடிஷனல் டிரைவர்ஸ்' பகுதியில் வேறு டிரைவரைப் போட்டுப் பாருங்கள்.

அதுவும் கைகொடுக்கவில்லை என்றால், அதே பட்டியலில் 'ரெகவரி மோட்' என்ற வரியைத் தேர்ந்தெடுங்கள், ஒரு மெனு வரும். டிஸ்க் நிரம்பிப்போனாலும் செஷன் தொடங்காது, அதனால் முதலில் 'கிளீன்' கொடுங்கள். அப்புறம் 'நெட்வொர்க்', அதன் பிறகு 'டிபிகேஜி'. பாதியில் நின்ற பேக்கேஜ்களை (மென்பொருள் தொகுப்புகளை) அது முடித்துவைக்கும். கடைசியாக 'ரெஸ்யூம்'. இப்படி உள்ளே வரும்போது திரையின் அளவு மாறித் தெரியலாம், ஒருமுறை வழக்கம்போல ரீஸ்டார்ட் செய்துவிடுங்கள்.