பழைய காரின் ஹீட்டர் சீல்களை நாமே மாற்றுவது எப்படி?

ஹீட்டரைப் போட்டதும் டேஷ்போர்டு துளைகளிலிருந்து கறுப்புத் தூள் பறந்து வந்து மடியில் விழுகிறதா? லீவரை முழுக்கத் தள்ளியும் வெதுவெதுப்புக்கு மேல் ஏறவில்லையா? பலர் உடனே ஹீட்டர் கோரைத்தான் சந்தேகப்படுவார்கள். கோர் என்பது ஒரு குட்டி ரேடியேட்டர். இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் சூடாக அதற்குள் ஓட, அதன் ஊடே போகும் காற்று சூடாகி உள்ளே வரும். அதைச் சுற்றிச் சீலாக இருக்கும் ஃபோம் பொடிந்துவிட்டால், காற்று கோருக்குள் புகாமல் ஓரத்து இடைவெளி வழியாக நழுவிவிடும். கோரில் எந்தக் குறையும் இருக்காது, ஆனாலும் குளிரும். காற்றின் வழியைத் திறந்து மூடும் கதவான ஃபிளாப்பின் ஃபோம் போயிருந்தால் நேர் எதிர்: கோடையிலும் கால் சுடும்.

முதலில் ஃபோம் வாங்குவோம். நீர் உறிஞ்சாத வகை வேண்டும். ஈபிடிஎம் அல்லது நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பர் பட்டை நல்லது. சந்தேகமாக இருந்தால் ஒரு துண்டை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். காற்று ஊடே போனால் அது சாதாரண ஸ்பாஞ்ச், வேண்டாம்.

கழற்றுவது

இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் வயரை எடுத்துவிட்டு, கோருக்குக் கூலன்டை விடும் ஹீட்டர் வால்வைத் திறந்து வைத்து, கூலன்டை ஒரு பாத்திரத்தில் வடியுங்கள். அது இனிப்பாக இருக்கும், விஷமும்கூட. நாய், பூனை நக்காமல் உடனே மூடி வையுங்கள்.

அடுத்தது கோருக்குக் கூலன்ட் போய்வரும் இரண்டு ஹோஸ்கள். இங்கேதான் நான் முதல் முறை சொதப்பினேன். இறுகிப்போன ஹோஸை முறுக்கி இழுத்ததில் கோரின் குழாய் பற்றவைப்போடு விட்டுக்கொண்டு வந்துவிட்டது. வரவில்லை என்றால் கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்துவிடுங்கள். ஹோஸ் போனால் வேறு வாங்கலாம், பழைய காருக்குக் கோர் கிடைப்பது அவ்வளவு சுலபமில்லை. கோரில் மிச்சமிருக்கும் கூலன்ட் கார்ப்பெட்டில் கொட்டாதபடி குழாய் வாய்களை அடைத்துவிடுங்கள்.

லீவரை ஃபிளாப்போடு இணைக்கும் கேபிள்களைக் கழற்றும் முன் போட்டோ எடுங்கள். கிளிப் கேபிளை எந்த இடத்தில் பிடித்திருக்கிறது என்று பெயின்ட்டால் ஒரு புள்ளியும் வையுங்கள். அப்புறம் கோரும் ஃபிளாப்பும் உள்ள ஹீட்டர் பெட்டியை வெளியே எடுத்துத் திறக்கலாம்.

சுரண்டுவது

பாதி வேலை இதுதான், அலுப்பான பாதி. மாஸ்க் போட்டுக்கொண்டு பழைய ஃபோமையும் பசையையும் பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் எடுத்து, ஐசோபிரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். எண்ணெய்ப் பசை இருந்தால் புதியது ஒட்டாது. சாம்பல் நிறத்தில் நார்நாராக ஏதாவது தகடு தென்பட்டால் அதைத் தொடாதீர்கள். ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம், சோதிக்காமல் சுரண்டக் கூடாது.

கோர் கையில் இருக்கும்போதே இரு பக்கமும் மாற்றி மாற்றித் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். ஒரு வாயை அடைத்து, நீரில் அமிழ்த்தி, மறு வாயில் மெல்லக் காற்று ஊதினால் கசிவு இருந்தால் குமிழி காட்டிக்கொடுக்கும்.

தடிமன் பார்த்து ஒட்டுவது

தடியாக ஒட்டினால் நன்றாக அடைக்கும் என்று தோன்றும். தடி அதிகமானால் ஃபிளாப் முழுதாக மூடாது, கேபிளும் திணறும். ஃபிளாப் ஓரத்தில் விளையாட்டுக் களிமண்ணை வைத்து மூடிப் பாருங்கள். நசுங்கிய களிமண்ணின் தடிமன்தான் உங்கள் இடைவெளி. அது 4 மி.மீ. என்றால் 6 மி.மீ. ஃபோம் சரியாக இருக்கும். ஒட்டும்போது பட்டையை இழுக்காதீர்கள். இழுத்து ஒட்டினால் பின்னால் சுருங்கி மூலையில் சந்து விடும்.

பெட்டியை மூடியதும் உள்ளே ஒரு சின்ன டார்ச்சைப் போட்டு, இருட்டறையில் பாருங்கள். வெளிச்சம் கசியும் இடத்தில் காற்றும் கசியும்.

திரும்ப மாட்டுவது

லீவர் தன் எல்லையைத் தொடும் முன்பே ஃபிளாப் முழுதாக மூடும்படி கேபிளைச் சரிசெய்யுங்கள். கூலன்டை நிரப்பி, ஹீட்டர் வால்வு திறந்த நிலையிலேயே இன்ஜினை ஓடவிட்டால் காற்றுக் குமிழிகள் வெளியேறும். சூடேறிய பிறகு இரண்டு ஹோஸையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் உள்ளே இன்னும் காற்று நிற்கிறது, அல்லது கோர் அடைத்திருக்கிறது. மறுநாள் காலை, இன்ஜின் ஆறிய பிறகு கூலன்ட் அளவைப் பார்த்து, குறைந்திருந்தால் ஊற்றிவிடுங்கள்.