டப்பா டிவி மூலைல பச்சையா ஊதாவா திட்டு தெரியுதா? திறக்குறதுக்கு முன்னாடி இத பாருங்க

முதல்லயே சொல்லிடறேன், இது பின்னாடி பெருசா கூன் விழுந்த மாதிரி இருக்குற பழைய பிக்சர் டியூப் டிவிக்கு மட்டும்தான். எல்சிடி, எல்இடி டிவில வர்ற திட்டு வேற கதை, அதுல பேக்லைட்டோ பேனலோ போயிருக்கும், காந்தத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

எங்க வீட்டு டிவில ஒருநாள் இடது கீழ் மூலைல யார் முகம் வந்தாலும் பச்சையாயிடும், நகர்ந்து நடுவுக்கு வந்தா சரியாயிடும். பாக்க வந்தவர் ரெண்டு நிமிஷம் பாத்துட்டு டியூப் போச்சு, புதுசு வாங்கிடுங்கன்னுட்டு கிளம்பிட்டார். கடைசில பாத்தா நான் போன வாரம் பக்கத்துல கொண்டுவந்து வச்ச சப்வூஃபர்ங்குற பெரிய ஸ்பீக்கர்தான் காரணம், அதுக்குள்ள காந்தம் இருக்கு. அதனாலதான் சொல்றேன், ஒரு இடத்துல மட்டும் கலர் மாறுதுன்னா முதல் சந்தேகம் காந்தம் மேல இருக்கணும், டியூப் மேல இல்ல.

டியூபுக்குள்ள கண்ணாடிக்குப் பின்னாடி பொடிப்பொடி ஓட்டை போட்ட ஒரு மெல்லிசு இரும்புத் தகடு இருக்கும், ஷேடோ மாஸ்க்னு பேரு. சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு எலக்ட்ரான் பீமும் அந்த ஓட்டை வழியா போய் அதது கலர் புள்ளில விழணும். தகடு காந்தம் புடிச்சுக்கிச்சுன்னா அந்த இடத்துல பீம் லேசா வளைஞ்சு பக்கத்து புள்ளில விழுது, சிவப்பு இருக்க வேண்டிய இடத்துல பச்சை எரியுது, அவ்ளோதான் விஷயம். ஆனா ஸ்கிரீன் முழுக்க ஒரே கலரா இருந்தா, இல்ல ஒரு கலர் மொத்தமா காணோம்னா அது காந்தம் இல்ல, பீம விடுற கன்னோ டியூப் கழுத்துல மாட்டியிருக்குற போர்டோதான், அதுக்கு இங்க எழுதுற எதுவும் உதவாது.

இப்ப வேலைய ஆரம்பிப்போம். டிவிய சுத்தி இருக்குற ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபையர், காந்த பொம்மை எல்லாத்தையும் ஒரு மீட்டர் ரெண்டு மீட்டர் தள்ளி வைங்க. எடுத்த உடனே திட்டு மறைஞ்சிட்டா தப்பிச்சீங்க, தகட்டுல இன்னும் காந்தம் ஏறல. மறையலன்னா ஏறிடுச்சு, அத இறக்கணும்.

இறக்குறதுக்கு டிவிக்குள்ளயே ஏற்பாடு இருக்கு, டியூப சுத்தி டீகாஸ் காயில்னு ஒரு கம்பிச் சுருள். ஆன் பண்ணும்போது "தும்"னு ஒரு சத்தம் கேக்குமே, அது இதுதான். நிறைய பேர் இங்கதான் ஏமாறுவாங்க, ஏன்னா நிறைய செட்டுல ரிமோட்ல ஆஃப் பண்ணி ஆன் பண்ணா இந்த காயில் வேலை செய்யாது, மெயின் சுவிட்ச அணைச்சு போட்டாதான் செய்யும். அதுவும் அணைச்ச உடனே போட்டா பிரயோஜனமில்ல. காயிலுக்கு கரண்ட விடுற பாஸிஸ்டர்ங்குற பார்ட் சூடா இருக்குற வரைக்கும் கரண்ட தடுத்துடும், அது ஆறணும், அரை மணி நேரம் விட்டுடுங்க. அப்புறம் போடுங்க. திட்டு கொஞ்சம் குறைஞ்சிருந்தா நல்ல சகுனம், மறுபடி அரை மணி நேரம், மறுபடி போடுங்க, நாலஞ்சு தடவை இப்படி பண்ணாலே பாதி கேஸ் முடிஞ்சிரும். பொறுமை இல்லாம பத்து தடவை டக்கு டக்குனு போட்டு அணைச்சா சுவிட்சுதான் போகும்.

டிவிய வேற பக்கம் திருப்பி வச்சாலோ வேற ரூமுக்கு மாத்தினாலோ கூட லேசா கலர் மாறும், பூமியோட காந்தம் அது, இதே வைத்தியம் போதும்.

"தும்" சத்தமே வரலன்னா பாஸிஸ்டர் போயிருக்கலாம், இல்ல அதோட கால்ல சால்டர் விட்டிருக்கலாம், காயில் கனெக்டர் கழண்டிருக்கலாம். பாஸிஸ்டர் சின்ன பிளாஸ்டிக் டப்பா மாதிரி இருக்கும், கழட்டி ஆட்டிப் பாத்தா உள்ள கல்லு உருள்ற சத்தம் வந்தா உடைஞ்சிருச்சுன்னு அர்த்தம், விலை கம்மி பார்ட்டுதான். ஆனா தயவுசெஞ்சு, எலக்ட்ரானிக்ஸ் வேலை தெரியாம பின்மூடிய கழட்டாதீங்க, டியூப்ல 20,000 வோல்ட்டுக்கு மேல ஏறியிருக்கும், பிளக்க புடுங்கின பிறகும் அது உள்ள தங்கும், பவர் சப்ளைல இருக்குற பெரிய கெப்பாசிட்டரும் அப்படித்தான். தெரிஞ்சவங்ககிட்ட குடுத்து "டீகாஸ் சர்க்யூட்ட பாருங்க"ன்னு குறிப்பா சொல்லுங்க, சும்மா "கலர் சரியில்ல"ன்னு சொன்னா டியூப் மேல பழி போட்டுடுவாங்க.

உள்காயில் நல்லா இருந்தும் திட்டு போகலன்னா மெக்கானிக் கையில வச்சிருக்குற வெளி டீகாஸ் காயில்தான் கதி. டிவிய ஓடவிட்டு காயில ரெண்டு மீட்டர் தள்ளி நின்னு ஆன் பண்ணி, மெதுவா ஸ்கிரீன் கிட்ட கொண்டுபோய் வட்டமா சுத்தணும், கலர் தாறுமாறா ஓடும், பயப்படாதீங்க. அப்புறம் சுத்திக்கிட்டே பொறுமையா பின்னாடி நடந்து வந்து, தூரத்துல காயில பக்கவாட்டா திருப்பினதுக்கப்புறம்தான் ஆஃப் பண்ணணும். கிட்ட இருக்கும்போது பட்டன விட்டுட்டீங்கன்னா முன்னாடிய விட மோசமா காந்தம் ஏறும். காயிலும் சீக்கிரம் சூடாகும், ஒரே மூச்சுல ரொம்ப நேரம் பிடிக்காதீங்க. ஏடிஎம் கார்டு, ஹார்ட் டிஸ்க் எல்லாம் பக்கத்துல இருக்கக் கூடாது. சாதா காந்தத்த ஸ்கிரீன்ல தேய்ச்சா சரியாகும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, குரங்கு புண்ண நோண்டின கதைதான்.

சரியாச்சான்னு பாக்க சாதா படம் பத்தாது, முழு சிவப்பு ஸ்கிரீன் போட்டுப் பாருங்க, மிச்ச மீதி இருந்தா அதுலதான் பளிச்சுனு தெரியும்.

சரியாகி ரெண்டு நாள்ல அதே இடத்துல திரும்ப வந்தா, இரும்பு ஸ்டாண்ட பாருங்க, அதுவே காந்தம் ஏறி நிக்கும். இல்லன்னா டிவியோட சொந்த ஸ்பீக்கர யாராவது மாத்தியிருக்காங்களான்னு பாருங்க, டிவிக்குன்னு வர்றது காந்தம் வெளிய கசியாத மாதிரி செஞ்சது, அந்த இடத்துல ரேடியோ ஸ்பீக்கர் ஒண்ண மாட்டினா அந்தப் பக்கம் மட்டும் எப்பவும் திட்டு இருக்கும். ஆன் பண்ணி ரொம்ப நேரம் ஆனதுக்கப்புறம், அதுவும் வெள்ளை வெளேர்னு காட்சி வரும்போது மட்டும் திட்டு வருதுன்னா தகடு சூட்டுல விரியுது, பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் ரெண்டையும் குறைச்சா அடங்கும். டிவி கீழ விழுந்ததுக்கு அப்புறம் வந்த திட்டுன்னா மட்டும் காயில் எல்லாம் வீண்வேலை, உள்ள தகடே நெளிஞ்சிருக்கும், அத வெளியிலேர்ந்து யாரும் நிமித்த முடியாது.