பூஞ்சை புடிச்ச வைக்கோல காய வச்சு மாட்டுக்குப் போடலாமா?

போடக்கூடாது. டெல்டா பக்கம் குறுவை அறுப்பும் ஐப்பசி மழையும் ஒன்னா வந்து நிக்கும்போது எல்லாரும் கேக்குற கேள்வி இதுதான். வெயில்ல போட்டா பூஞ்சை காஞ்சிடும், உதறுனா தூசியா போயிடும், ஆனா அது விட்டுட்டுப் போன நஞ்சு வைக்கோல்லயே தங்கிடும், அது ஒன்னும் உசுருள்ளது இல்ல காஞ்சு சாகுறதுக்கு. கழுவிப் போடுறது, உப்புத்தண்ணி தெளிச்சுப் போடுறது இதெல்லாமும் நம்ம மனசு ஆறுதலுக்குத்தான்.

அதனால வேலை பூராவும் அறுப்பு முடிஞ்ச முதல் சில நாள்லதான் இருக்கு. மிஷின் அறுத்துத் தள்ளுன வைக்கோல் வரிசை மழையில நனைஞ்சா உடனே பேலர (வைக்கோல கட்டு கட்டுற மிஷின) கூப்பிடாதீங்க, வாடகைக்கு வர்றவங்க அடுத்த வயலுக்கு ஓடணும்னு அவசரப்படுத்துவாங்க, மேல காஞ்ச மாதிரி இருக்கும் அடியில ஈரம் நிக்கும். ரெண்டு தடவ பொரட்டிப் போட்டு, ஈரம் 15 சதவீதத்துக்குக் கீழ வந்ததும் கட்டுங்க. அதுக்கு மீட்டர் வேணாம். வைக்கோல பொடிசா நறுக்கி, ஈரமில்லாத கண்ணாடி பாட்டில்ல பாதி வரைக்கும் போட்டு, நல்லா காஞ்ச தூள் உப்பு ஒரு கை போட்டுக் குலுக்கி பத்து நிமிஷம் வைங்க, உப்பு கட்டிகட்டியா பாட்டில் ஓரத்துல ஒட்டுச்சுன்னா இன்னும் காயணும்.

கட்டி வச்ச பிறகும் ஒரு வாரத்துக்கு கட்டுக்குள்ள கைய விட்டுப் பாருங்க. சூடு தெரிஞ்சா பிரிச்சுப் போட்ருங்க. வெறுந்தரையில அடுக்காம கருங்கல்லு, பனமட்டை, பழைய பலகை எதையாவது அடியில குடுத்து காத்து போற மாதிரி வைங்க. தார்ப்பாய தரை வரைக்கும் இழுத்து இறுக்கி மூடுனா உள்ள வேர்த்து அதுவே பூஞ்சைய வளக்கும், மேல மட்டும் மூடி பக்கத்த விட்ருங்க.

கோ-4 மாதிரி நேப்பியர் புல்லுல சைலேஜ் (பசும்புல்ல காத்துப் போகாம மூடி புளிக்க வச்ச தீனி) போடுறவங்களுக்கு கதை வேற. புல்லு அறுத்த கையோட ரொம்ப ஈரமா இருக்கும், அரை நாள் வாட விட்டு, நறுக்கி, காத்தே இல்லாத அளவுக்கு மிதிச்சு மூடணும். பையில எலி ஒரு ஓட்டை போட்டாலும் அங்க பச்சையும் நீலமுமா பூஞ்சை உருண்டை கட்டிடும். தெரியுற உருண்டைய மட்டும் எடுக்காம சுத்தி உள்ளதையும் தாராளமா வெட்டி எறிங்க.

நிறத்த வச்சு நஞ்சு இருக்கா இல்லையான்னு யாராலயும் சொல்ல முடியாது, லேப்ல பாத்தாதான் தெரியும். மாடு தீனிய மோந்துட்டு ஒதுங்குறது, பால் குறையுறது, சாணி இளகுறது, காரணமே இல்லாம சினை நிக்காம போறது, இதெல்லாம் ஒன்னா வந்தா முதல்ல தீனிய மாத்திட்டு டாக்டர கூப்பிடுங்க. கன்னுக்குட்டிக்குத்தான் பாதிப்பு அதிகம், அசைபோடுற வயிறு முழுசா வளந்திருக்காது, பெரிய மாட்டு வயித்துல சில நஞ்சு உடையுற அளவுக்கு அதுக்கு உடையாது. பஞ்சாப், ஹரியானா பக்கம் குளிர்காலத்துல எருமைக்கு வாலும் காது நுனியும் கால்குளம்பு பக்கமும் அழுகி விழுற டெக்நாலா நோய கூட பூஞ்சை புடிச்ச நெல் வைக்கோலோடதான் சேத்துச் சொல்றாங்க.

பால் விக்கிறவங்க கவனிக்க வேண்டியது அஃப்ளாடாக்சின்ங்கிற பூஞ்சை நஞ்ச. இது வைக்கோல விட கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, மக்காச்சோளம் வழியாத்தான் அதிகமா வரும், அதனால புண்ணாக்கு மூட்டையையும் முகர்ந்து பாருங்க. மாடு தின்ன நஞ்சுல ஒரு பங்கு அஃப்ளாடாக்சின் எம்1-ங்கிற இன்னொரு நஞ்சா மாறி ஒரே நாள்ல பால்ல வந்துடும், காய்ச்சுனாலும் போகாது. நம்ம நாட்டுல பாலுக்கு வச்ச வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். நல்ல சேதி என்னன்னா கெட்ட தீனிய நிறுத்துனா சில நாள்லயே பால்ல குறைஞ்சிடும். கடையில விக்கிற டாக்சின் பைண்டர் (தீனியில கலந்தா நஞ்ச ஒட்டிப் புடிச்சுக்குற பொருள்) அஃப்ளாடாக்சினுக்கு ஓரளவு உதவும், மத்த நஞ்சு எல்லாத்துக்கும் அத நம்ப முடியாது.

கெட்டுப்போன வைக்கோல மாட்டுக்கு அடியில பரப்பாதீங்க, படுத்துக்கிட்டே தின்னுடும். மூக்குல துணி கட்டிக்கிட்டு (அந்தத் தூசி நம்ம நுரையீரலுக்கும் ஆகாது) எருக்குழியில போட்டு மேல சாணியும் மண்ணும் போட்டு மூடிடுங்க, கோழி கிளறாத மாதிரி.