டைம் ட்ராவல் காமெடி எழுதுறீங்களா? முதல் அரை மணி நேரத்துல கைய வைக்காதீங்க

குறும்படம் எடுக்குற பசங்களுக்கு ஸ்க்ரிப்ட் படிச்சு கருத்து சொல்றது கொஞ்ச நாளா எனக்கு ஒரு சைடு வேலையா ஆயிடுச்சு. அதுல டைம் ட்ராவல் கதையோட யாராச்சும் வந்தா முதல் வார்த்தையே "அண்ணே, பேக் டு தி ஃப்யூச்சர் மாதிரி ஜாலியா ஒண்ணு"ன்னு தான் இருக்கும். படம் வந்தது 1985 ஜூலைல. இவங்கள்ல பாதிப் பேரோட அப்பா அம்மாவுக்கே அப்ப கல்யாணம் ஆகியிருக்காது. ஆனாலும் அந்தப் படத்த நேத்து ரிலீஸ் ஆன மாதிரி சீன் சீனா சொல்றாங்க, அது எனக்கு சந்தோஷம் தான். கடுப்பு எங்கன்னா, அதுலேர்ந்து எடுத்துக்கறது எல்லாம் கார், மின்னல், தலைவிரி கோல விஞ்ஞானி இவ்வளவு தான், எங்க செட்டும் ஒரு காலத்துல இதையே தான் எடுத்துக்கிட்டோம்.

தாத்தாவ கொன்னா பேரன் இருப்பானா, 1970ல செல்ஃபோன் சிக்னல் எப்படி வந்துச்சுங்கற மாதிரி ஓட்டைங்கள பத்தி இங்க பேசப் போறதில்ல. அதெல்லாம் உங்க ரூம்மேட்டே சொல்லிடுவான்.

ரூல்ஸ் கிளாஸ் எடுக்குறது

போர்டு, மார்க்கர், மூணு வட்டம், நாலு அம்புக்குறி. இந்த சீன் உங்க ஸ்க்ரிப்ட்ல இருந்தா இப்பவே கிழிச்சுடுங்க.

படத்துல அந்த விஞ்ஞானி டாக் பிரவுன் என்ன பண்றாரு? ராத்திரி ஒரு மணிக்கு மேல, காலியான ஷாப்பிங் மால் பார்க்கிங்ல ரெண்டு வாட்ச காட்டி ரெண்டும் ஒரே டைம் ஓடுதுன்னு சொல்றாரு. ஒண்ணு ஐன்ஸ்டைன்ங்கற நாயி கழுத்துல. நாய கார்ல உக்கார வெச்சு ரிமோட்ல ஓட்டுறாரு, 88 மைல் வேகம் தொட்டதும் கார் காணோம், ஒரு நிமிஷம் கழிச்சு திரும்ப வருது, நாயோட வாட்ச் ஒரு நிமிஷம் பின்னாடி இருக்கு. முடிஞ்சுது. அஞ்சு வயசுக் குழந்தைக்கும் புரிஞ்சுடும். அப்புறம் ஹீரோ மார்ட்டி கையில இருக்குற அந்த ஃபோட்டோ, 1955ல அவன் அப்பா அம்மா சேராம போயிடுவாங்கங்கற நெலமைல அவனோட அண்ணன் அக்கா உருவம் ஒண்ணு ஒண்ணா மறையும் பாருங்க. லாஜிக்கா யோசிச்சா அது சுத்தமா நிக்காது, அண்ணன் பொறக்கலன்னா அவன் நின்ன ஃபோட்டோவ யாரு எடுத்தா? ஆனா தியேட்டர்ல யாரும் கேக்கல, ஏன்னா எவ்வளவு நேரம் பாக்கி இருக்குன்னு அது கண்ணுக்குக் காட்டிடுது, நமக்கு அது போதும்.

ஆரம்பத்த "லேக்"னு வெட்டுறது

இதுக்குத் தான் இந்த மொத்தப் பதிவும். மத்ததெல்லாம் சரி பண்ணிக்கலாம், இது காசையும் சேத்து முழுங்கும்.

படம் மொத்தம் 116 நிமிஷம். மார்ட்டி 1985லேர்ந்து 1955க்குப் போறதுக்கே கிட்டத்தட்ட அரை மணி நேரம் ஆகுது. இன்னிக்கு ஒரு பையன் கிட்ட இத சொன்னா "அண்ணே அதுக்குள்ள எல்லாரும் ஸ்வைப் பண்ணிட்டுப் போயிடுவாங்க, ஹூக் வேணும்"ங்கறான். ஹூக் வேணும் தான், நான் இல்லன்னு சொல்லல, ஆனா அந்த அரை மணி நேரத்துல என்ன நடக்குதுன்னு ஒரு தடவ பேப்பர் பேனாவோட உக்காந்து எழுதிப் பாருங்க, அதுல வர்ற ஒரு பொருள், ஒரு வசனம் கூட சும்மா வரல.

மணிக்கூண்ட காப்பாத்துங்கன்னு ஒரு அம்மா உண்டியல குலுக்கிக்கிட்டு வந்து ஒரு நோட்டீஸ நீட்டும். ரோட்டுல குடுக்குற நோட்டீஸ யாரு பத்திரமா வெச்சிருப்பா? அடுத்த குப்பைத்தொட்டில போட்டுடுவோம். அதனால என்ன பண்ணியிருக்காங்கன்னா, ஜெனிஃபர் அதோட பின்பக்கத்துல தான் தன்னோட பாட்டி வீட்டு ஃபோன் நம்பர எழுதி, ஐ லவ் யூ போட்டுக் குடுக்குறா. காதலி எழுதினது, அதனால பாக்கெட்லயே இருக்கு. 1955ல மாட்டிக்கிட்டப்புறம் கார திருப்பி அனுப்பத் தேவைப்படுற 1.21 ஜிகாவாட் மின்சாரத்துக்கு எங்க போறதுன்னு டாக் தலைய பிச்சுக்கும்போது மார்ட்டி அந்தக் காகிதத்த எடுத்துக் காட்டுறான், திருப்பினா மணிக்கூண்டுல மின்னல் விழுந்த தேதி, நேரம் எல்லாம் அச்சடிச்சு இருக்கு. நவம்பர் 12, ராத்திரி 10:04. காதல் சீன் மாதிரி காட்டிட்டு கிளைமாக்ஸோட சாவிய நம்ம கையில திணிச்சுட்டுப் போயிருக்காங்க, நமக்குத் தெரியவே இல்ல.

சாப்பாட்டு மேஜை சீனும் அப்படித்தான். அம்மா சோகமா உக்காந்து குடிச்சுக்கிட்டே, நான் உங்க வயசுல ஒரு பையனத் துரத்தினதில்ல, ஃபோன் பண்ணதில்ல, நிறுத்தின கார்ல ஒருத்தனோட உக்காந்ததில்லன்னு உபதேசம் பண்ணும். 1955 போனா அதே அம்மா பையனத் துரத்திக்கிட்டு வருது, நிறுத்தின கார்லயும் உக்காருது, சிகரெட்டும் பாட்டிலும் போனஸ். நாம சிரிக்கிறது அந்தப் பொண்ணப் பாத்து மட்டும் இல்ல, அந்த மேஜையில கேட்ட பொய்ய நெனச்சு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது இன்னொண்ணு. பாட்டு டேப்ப கம்பெனிக்கு அனுப்புன்னு ஜெனிஃபர் சொல்றப்ப மார்ட்டி, நல்லா இல்லன்னு சொல்லிட்டா என்னால தாங்க முடியாதுன்னு சொல்லிட்டு, ஐயோ எங்கப்பா மாதிரியே பேசறேனேன்னு அவனே சொல்லிக்குவான். 1955ல ஸ்கூல் கேன்டீன்ல அப்பா ஜார்ஜ் தன்னோட கதை நோட்ட மூடி வெச்சுக்கிட்டு அதே வசனத்த சொல்றாரு. மார்ட்டி மூஞ்சியப் பாருங்க அந்த எடத்துல. ஃபேக்டரில ஒரே அச்சுல வார்த்த மாதிரி ரெண்டு பயந்தாங்கொள்ளிங்க எதிரெதிர உக்காந்திருக்காங்க. படத்தோட ஆயுசு இங்க தான் இருக்கு, கார்ல இல்ல.

இப்ப என் கடுப்புக்கு வர்றேன். ஒரு டீம், பேரு வேணாம், நல்ல பசங்க. கதை இது: அப்பா எப்பவும் ஃபோன ஒரு நிமிஷத்துக்குள்ள வெச்சுடுவாரு. "சொல்லிட்டேல்ல, வெச்சிடு." பையனுக்கு அதுல தீராத கோவம், பாசமே இல்லாத மனுஷன்னு. அவன் 1996க்குப் போறான், அங்க ஒரு எஸ்டிடி பூத்ல அப்பா நிக்கிறாரு, கையில சில்லறை, கண்ணு பூரா அந்த சிவப்பு மீட்டர் மேல, அந்தப் பக்கம் அம்மா பேசுது, மீட்டர் அடுத்த எண்ணுக்குத் தாவுறதுக்குள்ள "சொல்லிட்டேல்ல, வெச்சிடு"ங்கறாரு. சிரிப்பும் வரும், தொண்டையும் அடைக்கும். படிச்சுட்டு நானே ஃபோன் பண்ணி பாராட்டினேன்.

பூத்துக்கு செட்டு போட்டாங்க. மஞ்ச போர்டு, கண்ணாடிக் கதவு, பழைய பில் மெஷினு, எல்லாம் தேடிப் பிடிச்சு வாடகைக்கு எடுத்தது, பட்ஜெட்ல பெரும்பங்கு அதுக்கே போச்சு. எடிட்டிங்ல வந்து ஒரு புண்ணியவான் "ஆரம்பம் லேக் அடிக்குது, நேரா டைம் மெஷின்ல தொறக்கலாம்"னான். அந்த நிகழ்கால ஃபோன் சீன் அப்படியே போச்சு. ஸ்க்ரீனிங் அன்னிக்கு நான் கடைசி வரிசைல உக்காந்திருந்தேன், பூத் சீன் வருது, எவனும் சிரிக்கல, எவனும் உருகல, எப்படி உருகுவான், அவனப் பொறுத்தவரைக்கும் எவனோ ஒருத்தன் எஸ்டிடி பூத்ல ஃபோன் பேசறான் அவ்வளவு தானே. அப்புறம் என்ன பண்ணாங்க தெரியுமா, வாய்ஸ் ஓவர் போட்டாங்க! "அப்போது தான் அப்பாவின் வலி எனக்குப் புரிந்தது." வெட்டின சீனத் திரும்ப ஒட்டுங்கடான்னு சொன்னா, ரன் டைம் ஏறிடும்ங்கறாங்க. இன்னிக்கும் அத நெனச்சா பத்திக்கிட்டு வருது.

ஆரம்பம் போரடிக்குதுன்னா அத சுவாரஸ்யமா எழுதுங்க. ஒரு சீனுக்கு ரெண்டு வேலை குடுங்க, அந்த நோட்டீஸ் மாதிரி. வெட்டினீங்கன்னா நீங்க வெட்டுறது ரெண்டாவது பாதிய.

ஹீரோ ஆசப்பட்டு மெஷின்ல ஏறுறது

வேணாம். மார்ட்டி உயிருக்கு பயந்து ஓடினவன்.

மெஷின்லேர்ந்து கதைய ஆரம்பிக்கிறது

ஆரம்ப டிராஃப்ட்கள்ல அந்த மெஷின் ஒரு ஃப்ரிட்ஜ். குழந்தைங்க படத்தப் பாத்துட்டு ஃப்ரிட்ஜுக்குள்ள ஏறிடுவாங்கன்னு பயந்தும் மாத்தியிருக்காங்க. கிளைமாக்ஸ் கூட முதல்ல நெவாடா அணுகுண்டு சோதனை மைதானத்துல தான், செலவு கட்டுப்படியாகலன்னு தான் மணிக்கூண்டும் மின்னலும் வந்துச்சு. ஆக மெஷின் மாறுச்சு, கிளைமாக்ஸ் மாறுச்சு, மாறாதது ஒண்ணே ஒண்ணு. 1980ல படத்தோட எழுத்தாளர் பாப் கேல் தன்னோட அப்பாவோட பழைய ஸ்கூல் ஆண்டு மலரப் பொரட்டும்போது அப்பா அந்த வருஷ மாணவர் தலைவரா இருந்தது தெரிய வருது, நாங்க ரெண்டு பேரும் ஒரே கிளாஸ்ல இருந்திருந்தா நான் இந்தாளு கூட சேந்திருப்பேனான்னு யோசிக்கிறாரு. அந்தக் கேள்விய வெச்சுக்கிட்டு அவரும் டைரக்டர் ராபர்ட் ஜெமெக்கிஸும் எழுதின ஸ்க்ரிப்ட் 40 தடவைக்கு மேல நிராகரிக்கப்பட்டுச்சு. மகன் மேல அம்மாவுக்கே ஈர்ப்புங்கறது ரொம்ப ஓவர்னு டிஸ்னி, போதுமான அளவு காரம் இல்லன்னு கொலம்பியா!

பழைய காலத்தப் பாத்து நக்கலடிக்கிறது

கடந்த காலத்து ஆளுங்க எல்லாம் முட்டாளுங்க, ஹீரோ மட்டும் புத்திசாலின்னா அது ரெண்டு நிமிஷத்துக்கு மேல தாங்காது. படத்துல முக்கால்வாசி அடி மார்ட்டிக்குத் தான் விழுது. லைஃப் ஜாக்கெட் மாதிரி இருக்குற அவன் ஜாக்கெட்டப் பாத்து கப்பல்லேர்ந்து குதிச்சவனான்னு கேக்கறாங்க, 1985ல ரீகன் தான் ஜனாதிபதின்னு சொன்னா அந்த நடிகனா, அப்ப துணை ஜனாதிபதி யாரு, காமெடியன் ஜெர்ரி லூயிஸான்னு டாக் நக்கலடிக்கிறாரு. அதே நேரம் கறுப்பினப் பையன் கோல்டி வில்சன் மேயர் ஆவேன்னு சொல்றப்ப கடை மொதலாளி கேலி பண்றாரே, அந்த எடத்துல 1955ங்கறது ஒண்ணும் சொர்க்கம் இல்லன்னும் காட்டிடறாங்க. பிரச்சாரம் கிடையாது, ஒரே வசனம். ஆரம்பத்துல மேயர் தேர்தல் வேன் அவன் பேரோட சுத்துனத நாம ஏற்கனவே பாத்துட்டோம் (முதல் அரை மணி நேரம், மறுபடி சொல்றேன்).

நல்ல நடிகர் போதும்னு நெனைக்கிறது

மார்ட்டியா முதல்ல நடிச்சது எரிக் ஸ்டோல்ட்ஸ். பல வாரம் ஷூட்டிங் போனப்புறம் 1985 ஜனவரில அவர மாத்திட்டு மைக்கேல் ஜே. ஃபாக்ஸக் கொண்டாந்தாங்க, மார்ட்டி வர்ற சீனெல்லாம் திரும்ப எடுத்தாங்க. ஸ்டோல்ட்ஸ் மோசமான நடிகர் இல்ல, கதைய ரொம்ப சீரியஸா எடுத்துக்கிட்டாரு, சிரிப்பு வரல. ஃபாக்ஸ் பகல்ல டிவி சீரியல், ராத்திரில இந்தப் படம்னு தூக்கமில்லாம ஓடினாரு. உங்க கிட்ட அந்த பட்ஜெட் கிடையாது, அதனால ஷூட்டிங்குக்கு முன்னாடியே காமெடி சீன வாசிக்க வெச்சுப் பாருங்க, அழுகை சீன வெச்சு ஆடிஷன் பண்ணாதீங்க.

பார்ட் 2க்கு லீட் வைக்கிறது

முதல்ல இத முடிங்க. அந்தப் பறக்குற கார் முடிவே ஒரு ஜோக்கா வெச்சது தான், "தொடரும்"னு போட்டது அப்புறம் வீடியோ கேசட்ல. பின்னாடி நிஜமாவே ரெண்டாம் பாகம் எழுத உக்காந்தப்ப, ஜெனிஃபரையும் கார்ல ஏத்திட்டோமே, இந்தப் பொண்ண என்ன பண்றதுன்னு முழிச்சிருக்காங்க.

கடைசில ஹீரோவுக்கு கார் வாங்கிக் குடுக்குறது

மார்ட்டி திரும்பி வந்தா வீடு பளபளன்னு இருக்கு, ஆசப்பட்ட ட்ரக் கராஜ்ல நிக்குது. ஜார்ஜா நடிச்ச கிறிஸ்பின் க்ளோவருக்கே அந்த முடிவுல உடன்பாடு இல்ல, சந்தோஷத்துக்குப் பரிசு பணமான்னு கேட்டாரு. நான் க்ளோவர் கட்சி. ஆனா பசங்க ஸ்க்ரிப்ட்ல கடைசி சீனப் பாத்தா ஒண்ணு பைக்கு, இல்ல ஃப்ளாட்டு, ட்ரக்க மட்டும் கரெக்டா காப்பி அடிச்சுடறாங்க. அதே காலைல, ஜார்ஜ மிரட்டிக்கிட்டே இருந்த பிஃப் ஒரு அட்டைப்பொட்டியத் தூக்கிட்டு வர்றான், உள்ள ஜார்ஜோட முதல் நாவல், யாரு கிட்டயும் காட்டாம மூடி வெச்சிருந்த அதே மனுஷன் எழுதினது. அத யாருமே எடுத்துக்க மாட்டேங்கறாங்க.