வெட் செக்கில் சண்டை வருவது எங்கே? எண்டூரன்ஸ் ஓட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எண்டூரன்ஸ் எனப்படும் நெடுந்தூரக் குதிரை ஓட்டத்தில் 80 கிலோமீட்டரைக் கடந்து முடிவுக்கோட்டையும் தாண்டிவிட்டீர்கள். கொஞ்ச நேரத்தில் வெட் செக், அதாவது கால்நடை மருத்துவரின் பரிசோதனை. அவர் குதிரையை ஓடவிட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறார். அவ்வளவுதான், நீங்கள் முடித்ததாகவே கணக்கில்லை. வயிறு எரியும், யாருக்கும் எரியும். ஆனால் “எனக்கு மட்டும் அநியாயம்” என்று கிளம்பும் சண்டைகளில் பெரும்பாலானவை விதியைப் பாதி படித்ததால் வருபவை. மிச்சம் சில, உண்மையான அநியாயங்கள். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால், நிஜமாகவே பாதிக்கப்பட்டவர் சொல்வதும் யார் காதிலும் ஏறாது.

“லேசான நொண்டல்தானே” என்று வாதாடுவது

அதிகம் கேட்கும் வாதம் இது. விதி எதை அளக்கிறது என்று தெரியாமல் பேசுவதும் இதுதான். குதிரை மருத்துவர்கள் நொண்டலை 0 முதல் 5 வரை தரம் பிரிக்கிறார்கள். 1 என்றால் கண்ணில் படுவதே கடினம், ஒரு தடவை தெரியும், மறுதடவை தெரியாது. 2 என்றால் நேர்கோட்டில் தெரிவது கடினம்; வட்டமாகத் திரும்பும்போதோ, கெட்டித் தரையிலோ மட்டும் தவறாமல் தெரியும். 3 என்றால் ட்ராட் எனப்படும் மிதவேக ஓட்டத்தில் எந்தச் சூழலிலும் தவறாமல் தெரியும். அமெரிக்காவின் எண்டூரன்ஸ் அமைப்பான ஏ.இ.ஆர்.சி., குதிரையைப் போட்டியிலிருந்து வெளியேற்றும் எல்லையை இந்த 3இல் வைத்திருக்கிறது.

கவனியுங்கள்: வலி எவ்வளவு என்று இங்கே யாரும் கேட்கவில்லை. ஒவ்வொரு அடியிலும் தெரிகிறதா என்பதுதான் கேள்வி. தலையசைவு சின்னதாகவே இருக்கலாம். போகும்போதும் வரும்போதும் அதே கால் ஊன்றும் நேரத்தில் தவறாமல் வந்தால் அது 3தான். முன்னங்காலில் கோளாறு என்றால், வலிக்கும் கால் தரையில் படும்போது தலை மேலே போகும். நல்ல கால் படும்போது கீழே இறங்கும். அடுத்த தடவை வேறொருவரை ஓடவிடச் சொல்லி, நீங்கள் மருத்துவர் பக்கத்தில் நின்று பாருங்கள். பத்து அடிக்குள் பிடிபட்டுவிடும்.

இதோடு ஒட்டிய தவறு, ஓடவிடும்போது கயிற்றை இறுக்கிப் பிடிப்பது. தலையைக் கட்டிப்போட்டால் தலையசைவு மறையும் என்று சிலருக்கு நினைப்பு. மருத்துவர் கயிற்றைத் தளர்த்தி மறுபடி ஓடச் சொல்வார். இந்தத் தடவை இன்னும் உன்னிப்பாகப் பார்ப்பார். நல்ல குதிரையை வைத்துக்கொண்டு பதற்றத்தில் கயிற்றை இறுக்குகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். வீட்டிலேயே தளர்ந்த கயிற்றில் நேராக ஓடப் பழக்காததன் விளைவு அது.

துடிப்பு எண்ணிக்கையைக் கேள்வி கேட்காமல் விடுவது

நொண்டலில் தேவையில்லாமல் சண்டை போடுகிறவர்கள், கேள்வி கேட்கவேண்டிய இந்த இடத்தில் வாயை மூடிக்கொள்கிறார்கள். ஓய்வில் இருக்கும் குதிரையின் இதயம் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை துடிக்கும். ஓடிவந்த குதிரைக்குப் பல போட்டிகளில் வரம்பு 64. அதை அளப்பவர் பெரும்பாலும் ஒரு தன்னார்வலர். இடது முழங்கைக்குப் பின்னால் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து 15 வினாடி எண்ணி, நான்கால் பெருக்குவார்.

கணக்கைப் பாருங்கள். 15 வினாடியில் 16 துடிப்பு என்றால் 64. 17 என்றால் 68. நடுவில் எண்ணே கிடையாது. குதிரையின் உண்மையான துடிப்பு சரியாக 64 என்று வையுங்கள். கடிகாரத்தை ஒரு துடிப்போடு சேர்த்துத் தொடங்குகிறவர், அந்த முதல் துடிப்பை ‘பூஜ்யம்’ என்று எண்ணாமல் ‘ஒன்று’ என்று எண்ணினால் 17 வந்துவிடும். குதிரை தேறவில்லை! ஒரே குதிரை, ஒரே நொடி, எண்ணுகிற பழக்கம் மட்டும் வேறு. முழு நிமிடம் எண்ணினால் இதே பிழை ஒரே ஒரு துடிப்பாகச் சுருங்கிவிடும்.

எனவே விளிம்பில் நிற்கும்போது “முழு நிமிடம் எண்ணுங்கள்” என்று கேளுங்கள். இது சலுகை கேட்பதாகாது, சரியாக அளக்கச் சொல்வதுதான். பக்கத்து வரிசையில் முழு நிமிடமும் உங்கள் வரிசையில் கால் நிமிடமும் எண்ணினால், அதையும் அங்கேயே சொல்லுங்கள். எல்லோருக்கும் ஒரே வரம்பு என்பது, எல்லோருக்கும் ஒரே அளவுகோல் இருந்தால்தான் உண்மை. இன்னொரு குதிரை கனைத்து உங்கள் குதிரை மிரண்ட நொடியில் துடிப்பு எகிறும். அது அடங்கிய பிறகு எண்ணச் சொல்வதும் நியாயமே.

துடிப்பு எண்ணிக்கையால் முதலிடமே மாறக்கூடிய ஓட்ட வகையும் உண்டு. ஏ.இ.ஆர்.சி.யில் 25 மைலுக்குக் குறையாத, 50 மைலுக்கு உட்பட்ட குறுந்தூர ஓட்டங்களில், கோட்டைத் தாண்டிய நேரம் முடிவு நேரமாகாது. துடிப்பு வரம்புக்குள் இறங்கிய நேரம்தான் கணக்கு. 50 மைலும் அதற்கு மேலும் என்றால் கோட்டோடு நேரம் நின்றுவிடும். முதலாவதில் ஸ்டெதாஸ்கோப் வைத்திருப்பவரின் காதுதான் முதல் இடம் யாருக்கு என்று தீர்மானிக்கிறது. அங்கே அளவு ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்று கேட்பது அற்ப விஷயமே அல்ல.

“ஓட்டம்தான் முடிந்துவிட்டதே” என்று நினைப்பது

கடைசிப் பரிசோதனையின் விதி, குதிரை ‘தொடரத் தகுதியுடன்’ இருக்கவேண்டும் என்கிறது. தொடர்வதற்குப் பாதையே மிச்சம் இல்லையே, பிறகென்ன தகுதி என்று கேட்பவர்கள் உண்டு. சொல்லளவில் கேள்வி சரிதான். ஆனால் இந்த வரியை எடுத்துவிட்டால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். கடைசிச் சுற்றில் குதிரையைப் பிழிந்து கோட்டைத் தாண்டவைத்தால் போதும் என்றாகிவிடும். அதற்கப்புறம் அது விழுந்தாலும் வெற்றி வெற்றிதான். அதைத் தடுக்கத்தான் இன்னொரு சுற்று இருப்பதாகப் பாவித்துப் பார்க்கிறார்கள். 1955இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய டெவிஸ் கோப்பை ஓட்டம் 24 மணி நேரத்தில் 100 மைல். அங்கேயும் கோட்டைத் தாண்டினால் மட்டும் போதாது. முதலில் வந்த பத்துக் குதிரைகளில் மிக நல்ல உடல்நிலையில் இருப்பதற்கு ஹேகின் கோப்பை என்று தனிப் பரிசே கொடுக்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை, இந்த விளையாட்டில் விட்டுக்கொடுக்கவே கூடாத ஒரே வரி இதுதான்.

விதிப்புத்தகங்களைக் கலந்துகொள்வது

எஃப்.இ.ஐ. எனப்படும் சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் விதி வேறு, ஏ.இ.ஆர்.சி.யின் விதி வேறு. ஏ.இ.ஆர்.சி. துடிப்பு இறங்க 30 நிமிடம் தரும். அதே நினைப்பில், அவகாசம் குறைவான எஃப்.இ.ஐ. போட்டிக்குப் போனால் கதை முடிந்தது. தவிர, வெயில் கடுமையாக இருந்தால் 64 என்பதை 60ஆகக் குறைக்கலாம். அது ஓட்டத்துக்கு முன் நடக்கும் கூட்டத்தில் அறிவிக்கப்படும். கூட்டத்துக்குப் போகாதவருக்கு, தெரியாது என்று சொல்ல உரிமை இல்லை.

மருந்து விஷயத்திலும் இதேதான். மூலிகை, பூச்சுத் தைலம் என்றால் பாதுகாப்பு என்று நம்பவேண்டாம். 2008 ஒலிம்பிக்கின் குதிரையேற்றப் போட்டிகள் ஹாங்காங்கில் நடந்தபோது, தடை தாண்டும் பிரிவில் நான்கு குதிரைகள் மருந்துச் சோதனையில் கேப்சைசினால் சிக்கின. மிளகாய்க்குக் காரம் தரும் பொருள் அது.

எதை எதிர்த்து முறையிடலாம் என்று தெரியாமல் போவது

குதிரை தகுதியா இல்லையா என்ற மருத்துவரின் தீர்ப்பை எதிர்த்து இரண்டு அமைப்புகளிலும் மேல்முறையீடு கிடையாது. சந்தேகத்துக்கு இடம் இருந்தால், எஃப்.இ.ஐ. போட்டிகளில் மூன்று மருத்துவர்கள் ஒருவரோடொருவர் பேசாமல் ரகசியமாக வாக்களிப்பார்கள், பெரும்பான்மைதான் முடிவு. ஆகவே “எனக்கு நொண்டலாகத் தெரியவில்லை” என்று எழுதிக்கொடுக்கும் மனு எங்கேயும் போகாது. நடைமுறை தவறியதை எழுதலாம்: வந்த நேரம் தப்பாகப் பதிவானது, அறிவித்த வரம்பு ஒன்று, அமலானது வேறு, ஓட்டத்தின் நடுவே வரம்பை மாற்றிவிட்டுச் சிலருக்கு மட்டும் சொன்னது.

அதற்கு ஆதாரம் வேண்டும். அது உங்கள் கையில் இருக்கும் வெட் கார்டுதான், அதாவது பரிசோதனை விவரங்களை எழுதும் அட்டை. பரிசோதனை முடிந்து நகர்வதற்கு முன், வந்த நேரமும் துடிப்பு எண்ணும் தெளிவாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். 4ஐ 9 போல எழுதியிருந்தால், எழுதியவர் எதிரில் நிற்கும்போதே திருத்தச் சொல்லுங்கள். அவர் அடுத்த குதிரைக்குத் திரும்பிய பிறகு அந்த எண் அவர் நினைவில் இருக்காது.