பித்தோன் தெ லா ஃபுர்னேஸ்: நண்பர்களோடு முதல் எரிமலை நடை

பித்தோன் தெ லா ஃபுர்னேஸ், ரீயூனியன் தீவின் எரிமலை. சேன்-ஆந்த்ரே ஊரிலிருந்து விடியுமுன் கிளம்புங்கள். பத்து மணிக்கெல்லாம் மேகம் ஏறிவிடும்; வியூ பாயின்ட்டில் வெள்ளைத் திரைதான் மிஞ்சும். வழியில் பூர்-முய்ரா ஊரில் பெட்ரோலும் சமோசாவும் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கப்பால் பிளேன் தே சாப்ளின் செம்மண்வெளி.

நடை தொடங்கும் விளிம்பு பா தெ பெல்கோம்ப்; அதன் உயரம் ஏறக்குறைய 2,300 மீட்டர். அங்கிருந்து 500க்கு மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். திரும்பும்போது, கால் ஓய்ந்த வேளையில், அவற்றையே ஏற வேண்டும். தண்ணீரும் தெம்பும் அதற்கு மிச்சம் இருக்கட்டும். வழியில் சொட்டுத் தண்ணீர் கிடையாது: ஆளுக்கு 2 லிட்டராவது.

ஃபோர்மிகா லியோ சிறு கூம்போடு திரும்பினாலும் முதல் நாளுக்குத் தாராளம். உச்சியிலுள்ள தொலொமியூ எரிமலைப் பள்ளம்வரை போய்வர ஐந்து மணி நேரத்துக்கு மேலாகும்.

பாறையில் பூசிய வெள்ளைப் புள்ளிகள்தான் வழி. மூடுபனியில் அடுத்த புள்ளி தெரியாவிட்டால், ஒருவர் பழைய புள்ளியிலேயே நிற்க, மற்றவர் குரல் எட்டும் தூரத்துக்குள் தேடட்டும். எல்லாரும் சிதறித் தேடுவதால்தான் வழி தவறுகிறது. செருப்பு வேண்டாம், எரிமலைக்குழம்பு இறுகிய கல் கண்ணாடிச் சில்லுபோல் கிழிக்கும்.

வெடிப்பு எச்சரிக்கை வந்தால் படிகளுக்குப் போகும் கதவைப் பூட்டிவிடுவார்கள். கிளம்புமுன் கேட்டுவிடுங்கள்.