நகரை ஒட்டிய குன்றுப் பாதைகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயர்ந்த மலைக்குச் செல்பவர் வாரக்கணக்கில் ஆயத்தம் செய்கிறார். புறநகரின் கடைசித் தெருவைத் தாண்டியதும் தொடங்கிவிடும் குன்றுப் பூங்காவுக்குச் செல்பவரோ, மாலை உலாவுக்குக் கிளம்புவதுபோல் ஒரு சிறு தண்ணீர்ப் புட்டியோடு கிளம்பிவிடுகிறார். வாகன நிறுத்தமும் பெயர்ப்பலகையும் 'பூங்கா' என்ற சொல்லும் அவரை அப்படி எண்ண வைக்கின்றன. ஆனால் முதல் வளைவுக்கு அப்பால் இருப்பவை செங்குத்துச் சரிவும் உருளும் சரளையும் நிழலற்ற வெயிலும்தான். நகரம் பக்கத்தில் இருப்பதால் அவற்றின் கடுமை சிறிதும் குறைவதில்லை. இங்கே நான் எடுத்துச் சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை அந்த அருகாமையை நம்புவதிலிருந்து பிறப்பவை.

முதலாவது, பாதையைக் கிலோமீட்டரால் மட்டும் அளப்பது. சமதரையில் எட்டு கிலோமீட்டரை ஒன்றரை மணி நேரத்தில் நடந்துவிடுபவர், குன்றிலும் அதே நேரம் ஆகும் என்று எண்ணிக்கொள்கிறார். ஸ்காட்லாந்து மலையேற்ற வீரரான வில்லியம் நைஸ்மித் 1892-இல் வகுத்துத் தந்த கணக்கு இன்றும் பயன்படுகிறது: ஒவ்வொரு 5 கிலோமீட்டருக்கும் ஒரு மணி நேரம், அதோடு ஏற வேண்டிய ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு மணி நேரம். இதன்படி 8 கிலோமீட்டரும் 600 மீட்டர் ஏற்றமும் கொண்ட பாதைக்கு 2 மணி 36 நிமிடம் ஆகும். அதுவும் பழகிய கால்களுக்கு, ஓய்வு எதுவும் சேர்க்காமல். பழக்கமில்லாதவர்களும் குழந்தைகளோடு செல்பவர்களும் இதை ஒன்றரை மடங்காக, அதாவது ஏறத்தாழ நான்கு மணி நேரமாக எடுத்துக்கொள்வதே சரி. ஏற்றத்தைக் கணக்கிடும்போது தொடக்க இடத்துக்கும் உச்சிக்கும் உள்ள உயர வேறுபாட்டை மட்டும் பார்ப்பதும் பிழையாகும். குன்றுப் பாதைகள் ஓடைக்குள் இறங்கி, மறுகரையில் ஏறி, மீண்டும் இறங்கிச் செல்பவை. வேறுபாடு 200 மீட்டராக இருக்கும் பாதையிலும் கால்கள் ஏறும் மொத்த உயரம் அதைப்போல் இரண்டு மடங்காக இருக்கக்கூடும். வரைபடத்தில் சமவுயரக் கோடுகள் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) நெருங்கி நிற்கும் இடங்களைக் கிளம்புவதற்கு முன்பே பார்த்து வைத்தால், மூச்சு வாங்கப்போகும் இடம் எது என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

தண்ணீர் விஷயத்தில் செய்யப்படும் தவறு இதோடு நேராகத் தொடர்புடையது. மிதமான வெயிலில் மணிக்கு அரை லிட்டர் என்பது பொதுவான அளவு. கடும் வெப்பத்திலும் ஏற்றத்திலும் ஒரு லிட்டர் வரை தேவைப்படும். நான்கு மணி நேரப் பாதைக்கு ஒருவருக்கு இரண்டு லிட்டர் என்பது குறைந்தபட்சத் தேவை என்பதே என் கருத்து. நெடுநேரம் வியர்த்துக்கொண்டே வெறும் தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்தானது, ஏனெனில் இரத்தத்தில் சோடியத்தின் செறிவு குறைந்து தலைவலியும் குமட்டலும் குழப்பமும் ஏற்படலாம். ஆகவே உப்புள்ள தின்பண்டம் ஏதாவது பையில் இருக்கட்டும். ஓடை நீர் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும், கொதிக்க வைக்காமலோ முறையாக வடிகட்டாமலோ அதைக் குடிக்கக் கூடாது. பாதை மேலிருந்து தொடங்கிப் பள்ளத்தாக்குக்குள் இறங்கும் வகையைச் சேர்ந்ததாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும்: களைத்த பிறகு, வெயில் ஏறிய பிறகு வருவதுதான் அங்கே ஏற்றம். அத்தகைய பாதையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் தீர்ந்ததும் திரும்பிவிட வேண்டும். பாதி தீரும்வரை காத்திருப்பது தாமதமாகும்.

வெப்பத்தால் ஒருவருக்குத் தலைசுற்றலும் களைப்பும் வந்தால் நிழலும் ஓய்வும் தண்ணீரும் பெரும்பாலும் போதும். அவர் பேச்சில் தடுமாற்றமோ குழப்பமோ தெரிந்தால் அது வெப்ப மயக்கத்தைக் கடந்த நிலை, உயிருக்கு ஆபத்தான வெப்பத்தாக்கு. அப்போது அவரை நடக்க வைத்துக் கீழே கொண்டுவர முயல்வதே பெருந்தவறு. உடனே உதவிக்கு அழைத்துவிட்டு, அவரை நிழலில் படுக்க வைத்து, உடலை நனைத்து விசிறிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஏறிவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் பலர். இறக்கத்தில் மூச்சு வாங்காது என்பது உண்மைதான்; ஆனால் ஒவ்வொரு அடியிலும் தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்குவதால், அது ஏற்றத்தைவிட அதிகம் சேதமடைகிறது. அடுத்த இரண்டு மூன்று நாட்கள் படியிறங்க முடியாமல் வலிப்பது இதனால்தான். கெட்டித்தரையின்மேல் சிதறிக் கிடக்கும் சிறு சரளை, காலணிக்கு அடியில் உருளைகள்போல் நகரும். பயந்து உடலைப் பின்னால் சாய்த்தால் குதிகால் வழுக்கி, விழுவது உறுதியாகிறது. முழங்காலைச் சற்று மடக்கி, குறுகிய அடிகளாக வைத்து, எடையைப் பாதங்களுக்கு நேர் மேலே வைத்திருப்பதே முறை.

இனி, எல்லாவற்றிலும் எனக்கு அதிகக் கவலை தருவது குறுக்குவழி. கொண்டை ஊசி வளைவுகளாகச் செல்லும் பாதையில் கீழ்ச்சுற்று கண்ணெதிரே தெரிவதால், நேராக இறங்கிவிடலாம் என்று தோன்றும். அந்தச் சரிவில் பத்துப் பேர் இறங்கினால் ஒரு தடம் விழுகிறது. அடுத்த மழையில் நீர் அந்தத் தடத்தில் ஓடி அதை வாய்க்காலாக அறுத்து, கீழே உள்ள பாதையையும் அரித்துச் செல்கிறது. அதோடு, பின்னால் வருபவர்கள் அதையே பாதை என்று நம்பி ஏமாறுகிறார்கள். பெயர்ப்பலகை இல்லாத பல கிளைத்தடங்கள் இப்படிப் பிறந்தவையே.

இதைவிடப் பெரிய குறுக்குவழி ஒன்று உண்டு: வழி தவறியவர் கீழே தெரியும் வீட்டுக்கூரைகளையோ தெருவிளக்குகளையோ குறியாக வைத்து நேராக இறங்குவது. பல ஆண்டுகளுக்கு முன் நானும் இதைச் செய்தேன். இறங்கிய நீரோட்டத் தடம் முதலில் எளிதாகத்தான் இருந்தது. பிறகு பாறைகள் பெருத்தன, முட்புதர் அடர்ந்தது, கடைசியில் வீட்டின் உயரத்துக்குச் செங்குத்தாக விழும் ஒரு பாறை விளிம்பில் போய் நின்றேன். குதித்து இறங்கி வந்த இடங்களில் திரும்ப ஏறுவதற்கு இருட்டும்வரை ஆயிற்று. அத்தனை நேரமும் கீழே நாய் குரைப்பதுகூடக் காதில் விழுந்துகொண்டிருந்தது. மலையடிவார ஓடைத் தடங்கள் இப்படி வறண்ட அருவிகளில் முடிவது வழக்கம் என்பதை அன்றுதான் அறிந்தேன். பாதை தவறியது தெரிந்ததும் நின்று, வந்த வழியே கடைசியாக உறுதியாக அறிந்த இடத்துக்குத் திரும்ப வேண்டும். அது முடியாவிட்டால், பாதுகாப்பான ஓரிடத்தில் தங்கி உதவிக்குக் காத்திருப்பது, அறியாத பள்ளத்துக்குள் இறங்குவதைவிட எவ்வளவோ மேல்.

செல்பேசியை நம்புவதும் இதே வகைப் பிழைதான். நகரின் கோபுரங்கள் அருகில் இருந்தாலும், நடுவில் ஒரு முகடு நின்றால் பள்ளத்தாக்குக்குள் அலைவரிசை கிடைக்காது. அதைத் தேடித்தேடியே மின்கலமும் விரைவில் தீர்ந்துவிடும். ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து வருவதால் இணையம் இல்லாமலும் இயங்கும். வரைபடத்தை மட்டும் வீட்டிலேயே பதிவிறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். செல்பேசியின் ஒளியை விளக்காகப் பயன்படுத்தத் திட்டமிடுவது, வரைபடத்தையும் தொலைபேசியையும் விளக்கையும் ஒரே மின்கலத்தில் கட்டி வைப்பதாகும். தனி டார்ச் ஒன்று கட்டாயம் வேண்டும், ஏனெனில் மேற்கே முகடு இருக்கும் பள்ளத்தாக்கில் சூரியன் மறைவது நாட்காட்டி சொல்லும் நேரத்துக்கு வெகு முன்பே.

வானிலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று விநாடி என்றால் அது ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவு. ஆனால் இடியோசை கேட்டாலே முகட்டை விட்டு இறங்கிவிட வேண்டும், கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் மீண்டும் ஏறக் கூடாது. மேலே எங்கோ பெய்த மழையால் வறண்ட ஓடையிலும் திடீரென்று நீர் வரும். வேகமாக ஓடும் நீர் 15 சென்டிமீட்டர் ஆழமே இருந்தாலும் பெரியவரைத் தள்ளிவிடும். விலங்குகளைப் பொறுத்தவரை, அவற்றுக்கு உணவிடாமல் இருப்பதும், கண்ணுக்குத் தெரியாத பாறை இடுக்கில் கை வைக்காமல் இருப்பதும் போதிய எச்சரிக்கை.

கடைசியாக, யாரிடமும் சொல்லாமல் போவது. எந்த வாயிலில் நுழைகிறீர்கள், எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், எத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் உதவிக்கு அழைக்க வேண்டும் என்ற நான்கையும் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். ஒரு ஊதலும் கையில் இருக்கட்டும்: நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஊதுவது மலைகளில் வழங்கும் அபாய அறிவிப்பு. திரும்பி வந்ததும் அவருக்குத் தகவல் சொல்ல மறந்துவிடாதீர்கள். இல்லையென்றால், நீங்கள் வீட்டில் உறங்கிக்கொண்டிருக்கும்போது உங்களைத் தேடிச் சிலர் அந்தச் சரிவில் இருட்டில் நடந்துகொண்டிருப்பார்கள்.